கணக்கு சரி, கணிப்பு தவறு: கூடைப்பந்து ரசிகர்களின் பரிமாற்றப் பட்டியல்கள்

என்பிஏ எனப்படும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அணிகள் ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான இவ்வாண்டுக் கெடு பிப்ரவரி 5, பிற்பகல் 3 மணி. அது நியூயார்க் நேரம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்போது மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணியாகியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் படுக்கையிலிருந்து எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் ரசிகர்களிடம் அந்தப் பரிமாற்றங்கள் பல வாரங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன. இந்தப் பருவத்தில் அதிகம் அடிபடும் பெயர் மில்வாக்கி பக்ஸ் அணியின் யானிஸ் அண்டெட்டோகூன்போ. 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றவர், 2021இல் அணிக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். அவர் எங்கே போவார், அவருக்கு ஈடாக யார் யார் வருவார்கள், இடையில் மூன்றாவது அணியாக யார் நுழைவது, நான்காவது அணிக்கு என்ன கொடுத்துச் சரிக்கட்டுவது என்று அமெரிக்காவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை ரசிகர்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அணிகளின் பெயரையும் ஆட்டக்காரர்களின் பெயரையும் தட்டினால், லீக் விதிப்படி அந்தப் பரிமாற்றம் செல்லுமா செல்லாதா என்று சொல்லும் ‘டிரேட் மெஷின்’ ஒன்றை ஈஎஸ்பிஎன் நிறுவனம் நெடுங்காலமாகவே வைத்திருக்கிறது. அதில் பச்சை விளக்கு எரிந்துவிட்டால், பட்டியல் போட்டவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

காற்பந்துக்குப் பழகிய நம்மூர் ரசிகர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். காற்பந்தில் ஒரு கிளப்புக்கு ஆட்டக்காரர் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். என்பிஏவில் ஓர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆளுக்கு ஆள் கொடுக்க வேண்டும். அல்லது வருங்காலத்தில் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ உரிமையைக் கொடுக்க வேண்டும். வருகிறவரின் சம்பளமும் போகிறவரின் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. இந்தப் பருவத்தில் ஓர் அணிக்கான சம்பள வரம்பு 15 கோடியே 46 லட்சம் அமெரிக்க டாலர். பெரும்பாலான அணிகள் அதைத் தாண்டித்தான் செலவு செய்கின்றன. செலவு 20 கோடியே 78 லட்சத்தையும் தாண்டிவிட்டால், இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைக் கூட்டிக்காட்டி ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்கும் வழியும் அடைபட்டுவிடும். யானிஸின் இந்தப் பருவச் சம்பளம் 5 கோடியே 41 லட்சம். அதற்கு ஈடுகட்டும் சம்பளத்தைத் திரட்டுவதற்குள் பாதி அணிகளுக்கு மூச்சு வாங்கிவிடும்.

மூன்றாவது அணி இங்கேதான் தேவைப்படுகிறது. மலேசிய ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘சுகா சாமா சுகா’ என்று இருவர் விரும்பி இடம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் அரசுப் பணியில் உண்டு. ஜோகூரில் இருப்பவருக்கு ஈப்போ வேண்டும். ஈப்போவில் இருப்பவருக்கோ ஜோகூர் வேண்டாம், கெடா வேண்டும். கெடாவில் இருக்கும் ஒருவர் ஜோகூருக்கு வரத் தயார் என்றால்தான் மூவருக்கும் வழி பிறக்கும். பல அணிப் பரிமாற்றத்தின் அடிப்படையும் இவ்வளவுதான். அப்படிக் கோத்துக்கொண்டே போய், 2024 ஜூலையில் கிளே தாம்சன் டாலஸ் மேவரிக்ஸ் அணிக்குப் போனபோது ஆறு அணிகள் ஒரே பரிமாற்றத்தில் சேர்ந்தன. அடுத்த ஆண்டே கெவின் டுரண்ட் ஃபீனிக்ஸிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன பரிமாற்றத்தில் ஏழு அணிகள். அதுதான் இதுவரையிலான உச்சம்.

ஆனால் ‘சுகா சாமா சுகா’வில் உள்ள ‘சுகா’, அதாவது விருப்பம், என்பிஏவில் ஆட்டக்காரருடையதல்ல. விரும்ப வேண்டியவை அணிகள் மட்டுமே. 2022இல் பார்சிலோனாவும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஃபிரெங்கி டி யோங்கின் விலையில் பெரும்பாலும் ஒத்துப்போயின. அவர் வர மனமில்லை என்றதும் எல்லாம் நின்றுபோனது. என்பிஏவில் அப்படி நிற்காது. தொலைபேசி வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். குறைந்தது 8 ஆண்டுகள் லீக்கிலும் அதில் 4 ஆண்டுகள் அதே அணியிலும் ஆடியவர் மட்டுமே, தம்மைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்ற பிரிவை ஒப்பந்தத்தில் கேட்க முடியும். கேட்டாலும் கிடைப்பது அபூர்வம். மிகச் சிலரிடமே அது இருக்கிறது.

ரசிகர்களின் பட்டியல்கள் எங்கே சரியாகின்றன, எங்கே தடம் புரள்கின்றன என்பதைப் பார்க்க 2023ஆம் ஆண்டு டேமியன் லில்லார்ட் விவகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அதன் கடன் இன்னமும் தீர்ந்தபாடில்லை. இன்று யானிஸைச் சுற்றி நடக்கும் பேச்சுக்கும் அதுவே வேர்.

லில்லார்ட் 2012இல் ஆறாவது ஆளாகத் தேர்வாகி போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணிக்கு வந்தார். 11 பருவங்கள் அங்கேயே ஆடினார். கடைசிப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 32.2 புள்ளிகள், ஹூஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71. ஆனால் கிண்ணம் வரவில்லை. 33 வயதை எட்ட இருந்த நேரத்தில், அணி மூன்றாவது தேர்வில் ஸ்கூட் ஹெண்டர்சன் என்ற இளம் கார்டு ஆட்டக்காரரை எடுத்தது. லில்லார்ட் ஆடும் அதே இடம். 2023 ஜூலை 1ஆம் தேதி, தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி லில்லார்ட் கேட்டார். போக விரும்பும் இடத்தையும் சொன்னார்: மியாமி ஹீட். அந்த அணி மட்டும்தான்.

அன்று தொடங்கியது பட்டியல் போடும் திருவிழா. மியாமி அப்போதுதான் எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டு இறுதிச் சுற்று வரை போய், டென்வரிடம் தோற்றிருந்தது. லில்லார்ட் சேர்ந்தால் கிண்ணம் நிச்சயம் என்று அதன் ரசிகர்கள் நம்பினார்கள். கொடுப்பதற்கு அந்த அணியிடம் இருந்த பெரிய பெயர் டைலர் ஹீரோ. நன்றாகப் புள்ளி எடுப்பவர், வயதும் குறைவு. சிக்கல் என்னவென்றால், போர்ட்லண்டில் அதே மாதிரி ஆடுகிறவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள்: ஹெண்டர்சன், அன்ஃபர்னி சைமன்ஸ், ஷேடன் ஷார்ப். நான்காவதாக ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த இடத்தில் ரசிகர்களின் அறிவைக் குறைத்துச் சொல்லக்கூடாது. போர்ட்லண்டுக்கு ஹீரோ வேண்டாம் என்பதை அவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். ஹீரோவை ஏற்கும் மூன்றாவது அணி ஒன்று வேண்டும், அந்த அணி தன் டிராஃப்ட் உரிமையைப் போர்ட்லண்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று சரியாகவே யோசித்தார்கள். புரூக்ளின், யூட்டா என்று பெயர்கள் அடிபட்டன. கைல் லோரியின் முடியப்போகும் ஒப்பந்தத்தைச் சேர்த்தால் சம்பளம் சரியாகுமா, டங்கன் ராபின்சனின் நீண்ட ஒப்பந்தத்தை யார் தலையில் கட்டுவது, புதிதாகச் சேர்ந்த ஹைமே ஹாக்கேஸை ஒப்பந்தம் போட்டு 30 நாள் ஆவதற்கு முன் மாற்ற முடியாதே என்று நாள்காட்டியையும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமையைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்ற ‘ஸ்டெபியன்’ விதியையும் அவர்கள் மறக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன், எதிர்காலத் தேர்வுகளை வாரி இறைத்து அணியைக் கவிழ்த்ததால் வந்த விதி அது. வங்கியில் வேலை பார்ப்பவர்கூட இவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்ப்பாரா என்பது சந்தேகமே.

அவர்கள் தவறியது வேறிடத்தில். லில்லார்ட் மியாமியைக் கேட்டார் என்பதையே முடிவாக எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் பட்டியலும் ‘மியாமிக்கு எப்படிப் போவார்’ என்பதைத்தான் தீர்த்தன. ‘போர்ட்லண்டு ஏன் மியாமியோடு பேச வேண்டும்’ என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. லில்லார்டின் ஒப்பந்தம் 2026-27 வரை, அதாவது இன்னும் நான்கு பருவங்கள் இருந்தது. இடமாற்றத் தடைப் பிரிவும் அவரிடம் இல்லை. பொது மேலாளர் ஜோ குரோனினுக்கு அவசரம் எதுவும் இல்லை. மற்ற அணிகள் அஞ்சி விலகட்டும் என்று லில்லார்டின் முகவர் காய் நகர்த்தியபோது லீக்கும் சும்மா இருக்கவில்லை. மாற்றப்படும் எந்த அணிக்கும் ஒப்பந்தப்படி ஆடியாக வேண்டும், மாறாகப் பேசினால் ஒழுங்கு நடவடிக்கை என்று ஜூலை இறுதியில் எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த ஒரு தாளிலேயே விடை இருந்தது. ஆயினும் ஆகஸ்டு முழுவதும் மியாமிப் பட்டியல்கள் வந்துகொண்டே இருந்தன. செப்டம்பர் கடைசியில் திடீரென்று டொரோண்டோவின் பெயர் மேலே வந்தது. அதற்கும் புதிய பட்டியல்கள் தயாராயின.

கோரிக்கை வைத்த 88ஆம் நாள், அமெரிக்காவில் செப்டம்பர் 27, இங்கே செப்டம்பர் 28 விடியற்காலையில் செய்தி வந்தது. லில்லார்ட் போனது மில்வாக்கிக்கு.

மூன்று அணிகளும் கொடுத்ததையும் பெற்றதையும் பார்த்தால் எப்படிப் பொருத்தினார்கள் என்பது புரியும். மில்வாக்கி லில்லார்டைப் பெற்றது. ட்ரூ ஹாலிடேயையும் கிரேசன் ஆலனையும் விட்டது. லில்லார்டின் சம்பளம் 4 கோடியே 56 லட்சம். ஹாலிடேயின் சம்பளத்தோடு ஆலனின் ஏறக்குறைய 90 லட்சத்தைக் கூட்டினால் அதே அளவு வந்துவிடுகிறது. ஆலன் அந்தப் பரிமாற்றத்தில் இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த 90 லட்சம்தான். ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு டியாண்ட்ரே எய்ட்டனோடு மனம் ஒட்டவில்லை. அவரைப் போர்ட்லண்டுக்கு அனுப்பிவிட்டு யூசுஃப் நூர்கிச், ஆலன், நாசிர் லிட்டில், கியோன் ஜான்சன் என்று நால்வரை எடுத்துக்கொண்டது. போர்ட்லண்டுக்கு ஹாலிடே, எய்ட்டன், டுமானி கமாரா என்ற புதுமுகம் ஆகியோரோடு மில்வாக்கியின் 2029 முதல் சுற்றுத் தேர்வும் கிடைத்தது. 2028, 2030 ஆகிய இரு ஆண்டுகளில் மில்வாக்கியின் இடம் மேலாக இருந்தால் அதைத் தன் இடத்தோடு மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து வந்தது. இடையில் ஒரு வருடம் தேர்வு, இரு பக்கமும் இடமாற்று உரிமை. ஸ்டெபியன் விதியை மீறாமல் மூன்று ஆண்டுகளையும் வளைத்துப் போடுவது இப்படித்தான்.

மில்வாக்கி ஏன் இவ்வளவு கொடுத்தது? கிண்ணம் வெல்வதில் அணி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்பந்தத்தை நீட்டிப்பேன் என்ற பொருளில் யானிஸ் அந்த ஆகஸ்டில் பேசியிருந்தார். லில்லார்ட் வந்த மறுமாதமே அவர் 18 கோடியே 60 லட்சம் டாலருக்கு மூன்று ஆண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டார். லில்லார்டை வாங்கியதாகத் தெரிந்த பரிமாற்றத்தின் உண்மையான நோக்கம் யானிஸைத் தக்கவைப்பது. மியாமிப் பட்டியல் போட்டவர்கள் தங்கள் அணியின் ஆசையைக் கணக்கில் எடுத்தார்கள்; ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னோர் அணிக்கு இருந்த அச்சத்தை எடுக்கவில்லை. நட்சத்திரங்கள் கைமாறுவதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது ஆசையல்ல, இந்த அச்சம்தான்.

பட்டியல்களில் மட்டுமல்ல, பத்திரிகைத் தலைப்புகளிலும் அன்று அடங்கிப்போன பெயர் ட்ரூ ஹாலிடே. 2021இல் மில்வாக்கி கிண்ணம் வென்றதில் அவருடைய தற்காப்பு ஆட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாற்றம் கேட்டவர் லில்லார்ட். ஹாலிடே எதுவும் கேட்கவில்லை. மனைவி லாரன், அமெரிக்க மகளிர் காற்பந்து அணியோடு 2015 உலகக் கிண்ணம் வென்றவர். அந்தக் குடும்பம் மில்வாக்கியில் வேரூன்றியிருந்தது. ஒரே நாளில் ஹாலிடே போர்ட்லண்டின் ஆளானார். போர்ட்லண்டுக்கும் 33 வயதுக்காரர் தேவைப்படவில்லை. அக்டோபர் 1ஆம் தேதியே அவரைப் பாஸ்டன் செல்டிக்ஸுக்குக் கொடுத்து, மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ் ஆகியோரோடு மேலும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளை வாங்கிக்கொண்டது. ஐந்து நாளில் மூன்று அணிகள். நடுவில் இருந்த அணிக்கு அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு இதில் என்ன வருத்தம் என்று கேட்கலாம். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதே பரிமாற்றத்தில் போன எல்லாரும் அந்த வகையல்ல. கியோன் ஜான்சன், நாசிர் லிட்டில் போன்றவர்களை அடுத்த சில வாரங்களிலோ ஒரு பருவத்திலோ ஃபீனிக்ஸும் விட்டுவிட்டது. பட்டியல்களில் இவர்கள் ‘சம்பளம் சரிக்கட்ட’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகிறவர்கள். பட்டியல் போடுகிறவர் அந்தப் பெயரை நீக்கிவிட்டு வேறு பெயர் தட்டுவதற்கு ஒரு விநாடி போதும்.

2025 பிப்ரவரியில் நடந்தது இதற்கு நேர் எதிர் வகை. மலேசிய நேரப்படி ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணி தாண்டியதும், டாலஸின் லூகா டோன்சிச் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கும், அங்கிருந்து அந்தோணி டேவிஸ் டாலஸுக்கும் மாற்றப்பட்டார்கள் என்று செய்தி வந்தது. யூட்டா மூன்றாவது அணி. செய்தியை வெளியிட்டவரின் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். ஆயிரக்கணக்கான பட்டியல்களில் ஒன்றில்கூட இது இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் சிரித்து ஒதுக்கியிருப்பார்கள். 25 வயதில், அணியை அதற்கு முந்தைய ஆண்டுதான் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோன ஒருவரை எந்த அணி விடும்? டோன்சிச்சுக்கே அது அதிர்ச்சி. இரண்டு பொது மேலாளர்கள் வெளியே மூச்சுவிடாமல் பேசி முடித்த விஷயம் அது. டாலஸ் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே கூடினார்கள். பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை நீக்கச் சொல்லி ஆட்டத்துக்கு ஆட்டம் கோஷம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் நீக்கப்பட்டார்.

டாலஸ் ரசிகர்களின் கோபத்தில் ஒரு முரண் உண்டு. மற்ற அணிகளின் ஆட்டக்காரர்களை இங்கும் அங்கும் நகர்த்துவதில் அவர்களும் சளைத்தவர்கள் அல்லர். தங்கள் ஆளை யாரோ நகர்த்தியபோதுதான் அது கணக்கல்ல என்று தெரிந்தது.

இடமாற்றத் தடைப் பிரிவு என்ன செய்யும் என்பதையும் அதே மாதம் காட்டியது. மியாமியில் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஜிம்மி பட்லருக்கு ஃபீனிக்ஸ் மேல் கண். அதற்கு ஃபீனிக்ஸின் பிராட்லி பீல் வேறு எங்காவது போக வேண்டும். பீலிடம் அந்தப் பிரிவு இருந்தது. ரசிகர்களின் பட்டியல்களில் அவர் எத்தனையோ ஊருக்குப் போய்விட்டார். உண்மையில் அந்தப் பருவம் முடியும்வரை அவர் எங்கும் போகவில்லை. பட்லர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார்.

2023 பரிமாற்றத்தில் யாருக்கு லாபம் என்று அன்றே மதிப்பெண் போட்டவர்கள் இன்று அதை எடுத்துப் பார்த்தால் கூச்சப்படுவார்கள். பெரும்பாலோர் மில்வாக்கிக்கு முதலிடம் கொடுத்தார்கள். மில்வாக்கி 2024இல் முதல் சுற்றிலேயே இண்டியானாவிடம் தோற்றது. அதற்கு முன் ஜனவரியில், 43 ஆட்டங்களில் 30ஐ வென்றிருந்த பயிற்றுநர் அட்ரியன் கிரிஃபினை நீக்கியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் பாஸ்டன் கிண்ணம் வென்றது. அந்த அணியின் ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவர் ஹாலிடே. 2025இல் மில்வாக்கி மீண்டும் முதல் சுற்றில் மீண்டும் இண்டியானாவிடம் வீழ்ந்தது. லில்லார்டின் கெண்டைக்காலில் இரத்தக்கட்டி வந்து, தேறி, ஆட்டத்துக்குத் திரும்பிய சில நாள்களில், ஏப்ரல் 27ஆம் தேதி இடது குதிகால் நரம்பு அறுந்தது.

ஜூலையில் மில்வாக்கி அவரை விடுவித்தது. மிச்சம் கொடுக்க வேண்டிய ஏறக்குறைய 11 கோடியே 30 லட்சம் டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 2 கோடியே 25 லட்சம் வீதம் சம்பளக் கணக்கில் ஏற்றிக்கொண்டது. அணியில் இல்லாத ஒருவருக்காக 2030 வரை அந்தத் தொகை வரம்பில் உட்கார்ந்திருக்கும். லில்லார்ட் எங்கே போனார் என்பதுதான் கதையின் அழகு. மூன்று ஆண்டுகளுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் போர்ட்லண்டுக்கே திரும்பினார். பழைய ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்று இம்முறை அதில் இருக்கிறது: அவரைக் கேட்காமல் மாற்ற முடியாது.

அதற்குச் சில நாள்கள் முன்பு, செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த பாஸ்டன், ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கே கொடுத்து அன்ஃபர்னி சைமன்ஸை வாங்கியிருந்தது. ஒருவருக்கு ஒருவர் ஈடாக மாற்றப்பட்ட இருவரும் இன்று ஒரே அணியில் இருக்கிறார்கள். 2023இல் இப்படி ஒரு முடிவை யாராவது எழுதியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

கமாராவை மறந்துவிடக்கூடாது. ஃபீனிக்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது 52ஆவது ஆளாக. 2015இல் பஞ்சாப் இளைஞர் சத்னாம் சிங் டாலஸுக்குத் தேர்வானதும் இதே 52ஆவது இடத்தில்தான். இந்தியாவில் பிறந்து என்பிஏவுக்குத் தேர்வான முதல் ஆள் அவர். ஆனால் ஓர் ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. அந்த வரிசையில் வருகிறவர்களின் நிலை பெரும்பாலும் அப்படித்தான். பெல்ஜியத்துக்காரரான கமாராவின் பெயரைப் பரிமாற்றச் செய்தியில் கடைசிச் சொல்லாகப் போட்டார்கள், சில செய்திகளில் அதுவும் இல்லை. 2025இல் லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களின் இரண்டாவது அணியில் அவர் இடம்பெற்றார். எய்ட்டனோ போர்ட்லண்டை விட்டு லேக்கர்ஸுக்குப் போய்விட்டார்.

இனி யானிஸுக்கு வருவோம். இன்று அவருக்காகப் போடப்படும் பட்டியல்களில் பெரும்பாலானவை, மில்வாக்கிக்கு இளம் ஆட்டக்காரர்களும் தேர்வுகளும் நிறையக் கிடைக்க வேண்டும், அணியைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றே யோசிக்கின்றன. நட்சத்திரத்தை விற்றுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் தோற்று, அதனால் வரிசையில் மேலான தேர்வுகளைப் பெற்று எழுவதுதான் வழக்கமான வழி. மில்வாக்கிக்கு அந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2028இலும் 2030இலும் தோற்றுத் தோற்று மேலான இடத்தைப் பிடித்தால், போர்ட்லண்ட் அதை மாற்றிக்கொண்டு போய்விடலாம். 2029 தேர்வு ஏற்கெனவே போர்ட்லண்டுடையது. தோற்பதால் மில்வாக்கிக்குப் பயனில்லை. வேறொருவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சின கதைதான்.

ஆகவே யானிஸ் பற்றிய எந்தப் பட்டியலும், அவர் போகும் அணி எதுவாக இருந்தாலும், போர்ட்லண்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பாதிக் கணக்கே ஆகும். மில்வாக்கி தன் சொந்தத் தேர்வுகளைத் திரும்ப வாங்க நினைத்தால் கதவைத் தட்ட வேண்டிய இடம் அதுதான். அப்படி நடந்தால், 2023இல் யானிஸைத் தக்கவைக்கக் கொடுத்ததை, யானிஸைக் கொடுத்து மீட்டதாக ஆகும். நடக்காமலும் போகலாம். யானிஸ் தம் பங்குக்கு என்ன கேட்கிறார், மில்வாக்கி எதற்கு அஞ்சுகிறது என்பதைச் சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலை 4 மணிக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று செய்தி வந்தாலும், 4.05க்கு அடுத்த கோடைக்காலத்துக்கான பட்டியல்கள் தொடங்கிவிடும்.

போர்ட்லண்டிடம் இருக்கும் அந்த 2029 தேர்வு அதற்குள் இன்னும் எத்தனை கை மாறுமோ. குறைந்தபட்ச வயதான 19இல் அன்று தேர்வாகப்போகிற இளைஞனுக்கு இப்போது 16 வயது வாக்கில் இருக்கும். இங்கே என்றால் படிவம் 4 மாணவன். அவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மில்வாக்கியிலிருந்து கைமாறியபோது அவனுக்கு 13 வயது.